பதினாலில் இரண்டு கல் போலி: உங்கள் வைர அனுபவம் என்ன?

அப்பத்தா பேத்தி

அப்பத்தாவின் ஏழுகல் வைரத்தோடு என் காதுக்கு வந்து 12 வருடம் ஆகிறது. மூன்று வருடத்துக்கு முன்பு திருகாணி தேய்ந்துவிட்டதென்று பழக்கமான ஒரு கடையில் கொடுத்தேன். "அப்படியே மெருகும் போட்டுத் தருகிறோம்மா" என்றார்கள். பத்து நாள் கழித்துப் பளபளவென்று கைக்கு வந்தது. அங்கேயே போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போன மாதம், மகள் கல்யாணத்துக்காகக் கொஞ்சம் மாற்றிக் கட்டலாம் என்று வேறொரு கடைக்குப் போனேன். கல் பார்க்கும் பெரியவர் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இடது தோட்டில் இரண்டு கல் சிர்கான்மா" என்றார். எந்த இரண்டு என்று பார்த்தால், பாலிஷ் போட்டதும் நன்றாக மின்னுகிறதே என்று நான் பெருமைப்பட்ட அதே இரண்டு! வானவில் மாதிரி கலர் கலராக அடித்தால்தான் சந்தேகப்பட வேண்டுமாம். வைரத்தைவிட சிர்கான் ஒளியை அதிகமாக நிறம் பிரிக்கும் என்றார்.

அந்த இரண்டையும் கழற்றித் தராசில் வைத்துக் காட்டினார். 3 மில்லிமீட்டர் வைரம் சுமார் 10 சென்ட் (நூறு சென்ட் ஒரு கேரட்) இருக்கும். அதே அளவில் இருந்த இந்தக் கல் ஒவ்வொன்றும் 17 சென்ட்டை நெருங்கியது. ஆனால் நகையில் பதித்திருக்கும்போது எடையை எப்படிப் பார்ப்பது? எங்கள் தோட்டில் பின்பக்கமும் தங்கத்தால் மூடியிருக்கும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும் வழியில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

மலைக்கோட்டைக்காரன்

அக்கா, நான் திருச்சி. எங்கள் அப்பா செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டியவர். ஒரு காலத்தில் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பட்டறை ஓடியது. அமெரிக்கன் டைமண்ட் என்று கடையில் விற்பதும், உங்கள் பெரியவர் சிர்கான் என்றதும் ஒன்றுதான். (சிர்கான் என்ற பெயரில் பூமியில் கிடைக்கும் வேறு ஒரு கல்லும் இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

"கண்ணாடியில் கீறிப் பார், கீறல் விழுந்தால் வைரம்" என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். சின்ன வயதில் அப்பா தீட்டிய கல்லை எடுத்து ஜன்னல் கண்ணாடி முழுக்க என் பெயரை எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். கடினத்தில் வைரம் 10 என்றால் எங்கள் கல் 8, எட்டரை. கண்ணாடி ஐந்தரைதான். கீறாமல் என்ன செய்யும்? தண்ணீரில் போட்டால் மூழ்கும் என்பதும் இதே கதை, கண்ணாடித் துண்டும்தான் மூழ்கும்.

வாயால் ஊதிப் பார்ப்பதில் கொஞ்சம் விஷயம் உண்டு. வைரம் சூட்டைச் சட்டென்று கடத்திவிடுவதால் ஆவி உடனே மறைந்துவிடும், எங்கள் கல்லில் கொஞ்ச நேரம் நிற்கும். ஆனால் அப்பா நம்பியது லென்ஸை மட்டும்தான். பட்டையும் பட்டையும் சேரும் விளிம்பு வைரத்தில் கத்தி மாதிரி இருக்கும். எங்கள் கல்லில் அது லேசாக மழுங்கித் தெரியும், நாலு வருடம் போட்ட நகை என்றால் இன்னும் நன்றாகவே தெரியும்.

இரண்டு கோடு

சூடு கடத்துவதை நம்பித்தான் நான் மாட்டிக்கொண்டேன். தெரிந்தவர் ஒருவர் பணமுடை என்று மோதிரத்தை விற்றார். எனக்கும் விவரம் தெரியும் என்ற நினைப்பில், கல் சூட்டைக் கடத்துகிறதா என்று பார்க்கும் டெஸ்டர் பேனாவோடு போய், கல்லில் வைத்தேன். 'பீப்' அடித்தது. பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

அது மாய்சனைட், பார்க்க வைரம் மாதிரியே இருக்கும் வேறொரு கல். அதுவும் வைரம் மாதிரியே சூட்டைக் கடத்துவதால் சாதாரணப் பேனா ஏமாந்துவிடும். மின்சாரம் கடத்துகிறதா என்றும் சேர்த்துப் பார்க்கும் கருவிதான் பிரித்துச் சொல்லும். இன்னொன்று, பேனா முனை கல்லை விட்டுப் பக்கத்துத் தங்கத்தில் பட்டாலும் தப்பாகத்தான் காட்டும். சின்னக் கற்களில் இது அடிக்கடி நடக்கிறது.

ரத்தினப் பரிசோதகர் எனக்குக் காட்டிக் கொடுத்த விதம் அழகு. லென்ஸை வைத்துக் கல்லைக் கொஞ்சம் சாய்த்துப் பார்க்கச் சொன்னார். அடிப்பக்கப் பட்டைகளின் ஒவ்வொரு விளிம்பும் இரட்டைக் கோடாகத் தெரிந்தது. வைரத்தில் ஒற்றைக் கோடுதான் தெரியும். 1893-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் விண்கல் விழுந்த பள்ளத்துத் துணுக்குகளில் இந்தப் பொருளைக் கண்ட பிரெஞ்சு வேதியியலாளர் மாய்சன்கூட முதலில் வைரம் என்றுதான் நினைத்தாராம். அதைப் படித்த பிறகு கொஞ்சம் ஆறுதல்.

பில் எங்கே

ஹால்மார்க் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு: எழுத்தும் எண்ணும் கலந்த அந்த ஆறு இலக்கக் குறியீடு தங்கத்துக்கு மட்டும். கல்லைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லாது. பில்லில் கல் எத்தனை, எத்தனை கேரட் என்று தனியாக எழுதச் சொல்லுங்கள். ஒரு கேரட் 0.2 கிராம். பிரிக்காத பில்லில் கல்லின் எடைக்கும் தங்க விலை போட்டுவிடுவார்கள்.

கோயம்புத்தூர் ராதை

என்னுடையதை ஏமாற்று என்று சொல்வதா வேண்டாமா என்று இன்னும் தெரியவில்லை. கம்மல் வாங்கும்போது "ஒரிஜினல் வைரம்தானே?" என்று இரண்டு முறை கேட்டேன். "நூறு சதவீதம் வைரம் மேடம்" என்றார் அந்தப் பையன். வீட்டுக்கு வந்து சான்றிதழைப் பிரித்தால் எண்ணே எல்ஜி என்று ஆரம்பிக்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த வைரம்.

அவன் சொன்னது பொய்யில்லை. அதுவும் கார்பன்தான், அதே கடினம்தான். லென்ஸோ டெஸ்டர் பேனாவோ வித்தியாசம் காட்டாது, பரிசோதனைக் கூடத்துக்குத்தான் போக வேண்டும். 2023-இல் சென்னை ஐஐடிக்கு இதற்கென்றே 242 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள், அதனால் இதைப் போலி என்று ஒதுக்கவும் முடியாது. என் கோபம் விலையில்தான். சுரங்க வைரத்தின் விலையை ஒட்டி வாங்கிவிட்டார்கள், திருப்பிக் கொடுத்தால் பாதிகூடத் தேறாது என்கிறார்கள். "ஒரிஜினலா" என்று கேட்டதுதான் என் தப்பு. "சுரங்கத்தில் எடுத்ததா, வளர்த்ததா" என்று கேட்டு, பதிலைப் பில்லில் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

அப்பத்தா பேத்தி

எல்லோருக்கும் நன்றி. பழைய கடைக்குப் போய்ச் சண்டை போடலாம் என்று ரசீதைத் தேடி எடுத்தேன். "கல் தோடு 1 ஜோடி, ரிப்பேர்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. எந்தக் கல், எத்தனை, என்ன எடை, ஒன்றும் இல்லை. என்ன பேச முடியும்? இந்த முறை கொடுப்பதற்கு முன்பு கல் கல்லாகப் போட்டோ எடுத்து, எண்ணி, கடைக்காரரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். பெரியவர் சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார்.

கழற்றிய இரண்டு கல்லும் குங்குமச் சிமிழில் கிடக்கின்றன. தூக்கிப் போட மனசு வரவில்லை.

மலைக்கோட்டைக்காரன்

போடாதீர்கள் அக்கா. முடிந்தால் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். பட்டை சுத்தமாக விழுந்திருந்தால் எங்கள் ஊர் வேலையாக இருக்கும்.