தனி ஆளாக கிட்டாரும் பாட்டும்: ரிசப்ஷன் நிகழ்ச்சிக்கு என்னென்ன தயார் செய்யணும்?

ஒத்தைக்கிட்டார்:

வணக்கம். கோவையில் கஃபேக்களில் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறேன். அங்கே ஸ்பீக்கர், மிக்சர் எல்லாம் கடைக்காரர்களே வைத்திருப்பார்கள். அடுத்த மாதம் முதல் கல்யாண ரிசப்ஷன்கள் வருகின்றன, ஒரு ஓட்டல் நிகழ்ச்சியும் இருக்கிறது. மூணு மணி நேரம், நான் ஒருவனே. பாதிப் பாட்டுக்கு மைனஸ் ஒன் டிராக் (குரல் இல்லாத பின்னணி இசை), அது போனிலிருந்து ஓடும். கிட்டார் எலக்ட்ரோ-அகூஸ்டிக், உள்ளே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் (பிக்கப் தரும் சின்ன சிக்னலைப் பெரிதாக்குவது). மைக் சாதாரண டைனமிக்.

கையில் என்ன எடுத்துப் போகணும், எத்தனை மணிக்குப் போகணும், சவுண்ட்காரரிடம் என்ன கேட்கணும், பணத்தை எப்படிப் பேசணும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஃபேடர்_ஏழு:

சவுண்ட் பக்கம் மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் போன் கேபிள். புதிதாக வருபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒரு பக்கம் 3.5 மி.மீ., மறுபக்கம் ஒரே ஒரு 6.35 மி.மீ. ஸ்டீரியோ ஜாக் உள்ள கேபிளை மிக்சரின் மோனோ இன்புட்டில் செருகுவார்கள். அந்த இன்புட் பேலன்ஸ்டு, அதாவது உள்ளே வரும் இரண்டு ஒயரின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும். இடது சேனலையும் வலது சேனலையும் அது ஒன்றிலிருந்து ஒன்றாகக் கழித்துவிடும். இரண்டிலும் பொதுவாக இருக்கும் பேஸ், கிக் டிரம், நடு மெலடி எல்லாம் காணாமல் போய், ஓரத்தில் இருக்கும் ஸ்ட்ரிங்ஸும் எதிரொலியும் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி கேட்கும். உடனே ‘டிராக் சரியில்லை’ என்று டிராக்கைத் திட்டுவார்கள். 3.5-லிருந்து இரண்டு தனி மோனோ ஜாக்காகப் பிரியும் கேபிள் வாங்குங்கள், இரண்டு சேனலில் போடுங்கள். மிக்சர் மேடையிலிருந்து தூரமாக இருந்தால் ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் (நீளக் கேபிளில் இரைச்சல் இல்லாமல் போகும்படி சிக்னலை மாற்றித் தரும் சின்னப் பெட்டி) வேண்டும். போனில் 3.5 ஓட்டையே இல்லை என்றால் டைப்-சி அடாப்டர் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். தொலைவதும் உடைவதும் அதுதான். ப்ளூடூத் வேண்டாம். சத்தம் தாமதமாக வரும், நடுவில் யாராவது ஒருவர் போன் வந்து ஒட்டிக்கொள்ளும்.

கிட்டாருக்கு உங்கள் சொந்த டிஐ பாக்ஸ் இருக்கட்டும். ப்ரீஆம்ப் இருப்பதால் பேசிவ் டிஐ (கரண்ட் தேவைப்படாதது) போதும். ப்ரீஆம்ப் இல்லாத பீசோ பிக்கப் (கிட்டாரின் அதிர்வை எடுப்பது) என்றால்தான் ஆக்டிவ் கட்டாயம். அதற்கு மிக்சர் மைக் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் ஃபான்டம் பவரோ பேட்டரியோ வேண்டும். கிட்டாரிலிருந்து டிஐ வரை கேபிள் 5, 6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதற்குப் பிறகு எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிள்) எவ்வளவு நீளம் போனாலும் பிரச்சினை இல்லை.

ஃபீட்பேக், அதாவது ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் திரும்பப் போய்க் கூவுவது. உங்கள் மைக் கார்டியாய்டு, அதாவது முன்னால் வருவதையே அதிகம் எடுப்பது என்றால் (எஸ்எம்58 அந்த வகை) மானிட்டரை (உங்களுக்கே கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) மைக்கின் நேர் பின்னால் வைக்கச் சொல்லுங்கள்; மைக்குக்குக் காது கேட்காத இடம் அதுதான். பீட்டா 58ஏ போன்ற சூப்பர்கார்டியாய்டு என்றால் நேர் பின்னால் வைத்தால் கூவும், கொஞ்சம் பக்கவாட்டுக்குத் தள்ள வேண்டும். மைக் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் எந்த மைக்கும் நாலா பக்கமும் கேட்கத் தொடங்கும், கூவல் நிச்சயம். மெயின் ஸ்பீக்கர் எப்போதும் உங்களுக்கு முன்னால். அலங்காரக்காரர்கள் பூவை வைத்து அதைப் பின்னுக்குத் தள்ளியிருந்தால், வாசிக்கத் தொடங்கும் முன்பே நகர்த்தச் சொல்லுங்கள்.

கிட்டார் கூவுவது பெரும்பாலும் 100-லிருந்து 250 ஹெர்ட்ஸுக்குள். சவுண்ட்ஹோலை மூடும் ரப்பர் மூடி ஒன்று போட்டால் பாதித் தொல்லை அடங்கும். குரல் சேனலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டச் சொல்லுங்கள். கிட்டாரின் ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸ் என்பதால் அதில் 80-க்குக் கீழே மட்டும்.

சவுண்ட் செக்கில் பாடும்போது, நிகழ்ச்சியில் அதிகபட்சமாக எவ்வளவு கத்துவீர்களோ அந்த வரியையே பாடிக் காட்டுங்கள். ‘ஹலோ மைக் டெஸ்ட்’ சொல்லி கெயின் (மிக்சர் மைக் சிக்னலைப் பெரிதாக்கும் அளவு) வைத்தால் சரணத்தில் கிழியும்.

---

சுருதிப்பெட்டி:

ஃபேடர் சொன்னதற்கு மேல் பாட்டுப் பக்கம் கொஞ்சம்.

மூணு மணி நேரத்தை 45 நிமிஷம் வீதம் மூணு செட்டாகப் பிரியுங்கள், நடுவில் 20 நிமிஷ இடைவேளை இரண்டு. பேச்சோடு சேர்த்து ஒரு செட்டுக்கு 10 பாட்டு. 30 வேண்டும் என்றால் 36 தயார் செய்யுங்கள். பட்டியலில் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே கட்டை (பாட்டின் சுருதி), கேப்போ (கிட்டார் கழுத்தில் மாட்டிச் சுருதி ஏற்றும் கிளிப்) இடம், டிராக் உண்டா இல்லையா, இந்த மூன்றும் இருக்கணும். உதாரணமாக, ஒன்றரைக் கட்டை என்றால் சி ஷேப், கேப்போ முதல் ஃபிரெட். ஐந்தரை என்றால் ஜி ஷேப், கேப்போ முதல் ஃபிரெட். மேடையில் நின்றுகொண்டு கணக்குப் போடாதீர்கள்.

கிட்டார் இல்லாமல் டிராக்கோடு மட்டும் பாடக்கூடிய இரண்டு பாட்டைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பி அறுந்தால் அந்தப் பாட்டைப் போட்டுவிட்டு, முடிந்ததும் மாற்றலாம். அதே மாதிரி, போன் படுத்துவிட்டால் டிராக்கே இல்லாமல் ஓட்ட ஆறு பாட்டு. அதிகம் அறுவது முதல் கம்பியும் மூணாவது கம்பியும்தான். ஒரு முழு செட், அதற்கு மேல் இந்த இரண்டிலும் உபரி, கம்பி வைண்டர், கட்டிங் பிளேயர். புதுக் கம்பியை நிகழ்ச்சி அன்று போடாதீர்கள். ஒன்றிரண்டு நாள் முன்பே போட்டு இழுத்துவிட்டு வாசித்துப் பழக்குங்கள், இல்லையென்றால் முதல் செட் முழுக்க சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஏசி காரிலிருந்து இறங்கி நேராக லானில் போய் ட்யூன் செய்தால் கால் மணி நேரத்தில் கலைந்திருக்கும். வெப்பத்தில் கம்பி தளரும். பெட்டியைத் திறந்து 20 நிமிஷம் அந்த இடத்துக் காற்றில் வைத்துவிட்டுப் பிறகு ட்யூன் செய்யுங்கள்.

டிராக் சுருதி: பழைய பாட்டின் டிராக்குகளில் சில ஏ = 440 ஹெர்ட்ஸ் என்ற வழக்கமான சுருதியில் இருக்காது. அசல் ஒலிநாடா ஓடிய வேகத்தை அப்படியே பின்பற்றிச் செய்தவை 20, 30 சென்ட் (100 சென்ட் ஓர் அரைக்கட்டை) விலகி நிற்கும். வீட்டிலேயே ட்யூனர் வைத்துப் பார்த்து கோப்பைத் திருத்துங்கள், கிட்டாரை அல்ல. கட்டை மாற்றுவதும் அப்படியே: இரண்டு அரைக்கட்டை வரை ஏற்றினாலும் இறக்கினாலும் பரவாயில்லை, அதற்கு மேல் டிரம்ஸ் சப்பையாகிவிடும். மாற்றியதைப் புதுக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள், ஆப்பில் அந்த நேரத்தில் மாற்றுகிற வேலை வேண்டாம்.

உச்சஸ்தாயிப் பாட்டை முதல் இரண்டில் வைக்காதீர்கள். இரண்டாவது செட்டின் நடுவே குரல் நன்றாகத் திறந்திருக்கும். பந்தியில் உட்கார்வது மூணாவது செட்டுக்கு அப்புறம்.

---

ஒத்தைக்கிட்டார்:

கேபிள் விஷயம் இப்போதுதான் புரிகிறது, என்னிடம் இருப்பது அந்த ஒற்றை ஜாக் கேபிள்தான். நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். மண்டபத்தில் கரண்ட் போனால்? போனுக்குப் பதில் லேப்டாப் நல்லதா?

---

மண்டபவாசி:

கரண்ட் போனால் ஜெனரேட்டர் வரும், பயப்படாதீர்கள். ஆனால் மாறும் அந்தச் சில விநாடிகளில் டிஜிட்டல் மிக்சர் அணைந்து மறுபடி எழுந்திருக்க ஒரு நிமிஷம் போல ஆகும். சவுண்ட்காரரிடம் ‘மிக்சருக்கு யுபிஎஸ் இருக்கா’ என்று முன்பே கேளுங்கள். கம்ப்யூட்டருக்குப் போடும் சின்ன யுபிஎஸ்ஸே மிக்சருக்குத் தாராளம். ஸ்பீக்கரை அதில் மாட்ட வேண்டாம். இருட்டில் பாட்டை நிறுத்தாமல் கிட்டாரோடு வெறும் குரலில் தொடர்ந்தால் முன்வரிசை கூடவே பாடும், அது ஒரு போனஸ்.

பிளக். மேடை ஓரத்தில் 16 ஆம்ப் சாக்கெட் மட்டும்தான் இருக்கும், உங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் 6 ஆம்ப். கன்வர்ட்டர் ஒன்று பையிலேயே கிடக்கட்டும். பாக்ஸ் ஒயர் 10 மீட்டராவது இருக்கணும், மூணு பின், எர்த் உள்ளது. சீரியல் செட் லைட் ஓடும் பாக்ஸில் மாட்டாதீர்கள், இரையும். தரையில் ஓடும் ஒயரைத் துணி டேப் போட்டு ஒட்டுங்கள். செல்லோ டேப் கார்ப்பெட்டில் நிற்காது, போட்டோ எடுக்க வருகிற பாட்டி தடுக்கி விழுவார்.

ரிசப்ஷன் 7 மணி என்றால் 4 மணிக்கு அங்கே இருங்கள். மேடை அலங்காரம் முடிந்திருக்காது, ஆனால் உங்கள் இடத்தை அப்போதே பிடித்தால்தான் உண்டு. இல்லையென்றால் ஐஸ்கிரீம் ஸ்டால் பக்கத்தில் நிற்க வைப்பார்கள். செக் 6 மணிக்குள் முடியணும். காலி மண்டபத்தில் சத்தம் கூர்மையாகக் கேட்கும், ஆள் நிறைந்ததும் மேல் ஸ்வரங்கள் மங்கும். அதனால் செக்கிலேயே ட்ரெபிளை ரொம்பக் குறைத்துவிடாதீர்கள்.

போட்டோ வரிசை ஓடும்போது நீங்கள் பின்னணிதான். டிராக்கை இறக்கி, பேச்சு கேட்கிற அளவுக்கு வையுங்கள். மணமக்கள் மேடை ஏறும் பாட்டு எது, அதில் எந்த இடத்திலிருந்து, யார் கையைக் காட்டுவார்கள் என்று முதல் நாளே கேட்டு வாங்கி, வெட்டிய கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ‘மாப்பிள்ளையோட சித்தப்பா நல்லா பாடுவார்’ என்று கட்டாயம் ஒருவர் வருவார். அவருக்கென்று இரண்டாவது மைக் ஒன்று. உங்கள் மைக்கைக் கொடுத்தால் திரும்பி வரும்போது ஸ்டாண்ட் உயரம், மானிட்டர் எல்லாம் மாறியிருக்கும்.

திறந்தவெளி லான் என்றால் இரவு 10 மணிக்கு நிறுத்தணும். ஒலி மாசு விதிகள் 2000-படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய மண்டபத்துக்குள், சத்தம் உள்ளேயே இருக்கிற வரை, பரவாயில்லை. ‘இன்னும் ரெண்டே பாட்டு’ என்று கேட்பார்கள், 9.45-க்கே கடைசிப் பாட்டை அறிவித்துவிடுங்கள்.

பணம்: தேதி உறுதியாக பாதி அட்வான்ஸ். மீதி கடைசி செட்டுக்கு முன். யார் கையிலிருந்து வரும் என்று ஒரு பெயரும் நம்பரும் முன்பே வாங்குங்கள். பெண்ணின் அப்பாவை அன்று பிடிக்கவே முடியாது. தேதி, மண்டபம், நேரம், எத்தனை செட், சவுண்ட் யாருடையது, வண்டிச் செலவு, கூடுதல் அரை மணிக்கு எவ்வளவு, ரத்தானால் அட்வான்ஸ் என்ன ஆகும், எல்லாவற்றையும் ஒரே வாட்ஸ்அப் செய்தியில் அனுப்பி ‘ஓகே’ என்று பதில் வாங்கிவிடுங்கள்.

பாட்டு உரிமை பற்றி: பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(za) கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கு விலக்கு தருகிறது. ஓட்டல் ரெஸ்டாரண்டில் வாடிக்கையாளர்களுக்காகப் பாடுவது அதில் வராது. அதற்கான லைசென்ஸ் ஓட்டலின் பொறுப்பு என்று செய்தியில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

---

கிழக்கு_பேஸ்:

லேப்டாப்பா போனா என்றால் என் ஓட்டு பழைய போனுக்கு. சிம் இல்லாதது, ஃப்ளைட் மோட், ஆட்டோ-லாக் அணைத்தது, அலாரம் அணைத்தது, டிராக் எல்லாம் உள்ளேயே இறக்கியது. யூடியூபிலிருந்து நேரடியாக ஓட்டவே கூடாது. மண்டபத்தில் ஐநூறு பேர் போன் வைத்திருக்கும்போது நெட் எங்கே கிடைக்கும்? அதே கோப்புகள், அதே வரிசையில், சொந்தப் போனிலும் இருக்கட்டும். எல்லா டிராக்கையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து வையுங்கள், ஒன்று அலறும் ஒன்று முனகும் என்றால் சவுண்ட்காரர் உங்களைத் திட்டுவார்.

வயர்லெஸ் கிட்டார் சிஸ்டம் வாங்கலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். விலை குறைந்தவை பலவும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், வைஃபையும் அங்கேதான். கூட்டம் நிறைந்த மண்டபத்தில் விட்டுவிட்டு வரும். நகராமல் நின்று பாடுபவருக்கு கேபிளே போதும்.

---

ஃபேடர்_ஏழு:

லேப்டாப் பற்றி ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சார்ஜர் மாட்டியதும் ‘ம்ம்ம்’ என்று இரைந்தால் கிரவுண்ட் லூப் (இரண்டு வழியில் எர்த் சேர்வதால் வரும் இரைச்சல்). சார்ஜரைக் கழற்றிப் பார்த்து உறுதி செய்யுங்கள், பிறகு டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டுங்கள். அப்போதும் போகவில்லை என்றால் மிக்சர் மாட்டிய அதே இடத்திலிருந்து உங்களுக்கும் கரண்ட் எடுங்கள். மூணு பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டு ஓட்டச் சொல்லும் ஆட்கள் உண்டு. இரைச்சல் போகும், உண்மைதான். எங்காவது கசிவு இருந்தால், கிட்டார் கம்பியில் கையும் மைக் கிரில்லில் உதடும் வைத்திருக்கிற உங்கள் வழியாகத்தான் கரண்ட் பாயும். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

பேட்டரி: உங்கள் கிட்டாரில் ஜாக்கைச் செருகினாலே ப்ரீஆம்ப் ஆன் ஆகிவிடும். இடைவேளையில் சவுண்ட்காரரை சேனலை ம்யூட் செய்யச் சொல்லிவிட்டு ஜாக்கை உருவிவிடுங்கள். ம்யூட் செய்யாமல் உருவினால் ‘டப்’ என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும். உபரி 9 வோல்ட் ஒன்று, அதன் மூடியைத் திறக்க ஸ்க்ரூடிரைவர் தேவைப்படும் மாடல் என்றால் அதுவும்.

முடிந்ததும் ஸ்பீக்கர் முதலில் ஆஃப், மிக்சர் கடைசியில். ஆன் செய்யும்போது இதற்கு நேர் மாறு.