பொருள்: 'ரெசிப்ரோக்கேட்டிங் டெரிட்டரி' தமிழில் எப்படி? (திங்கட்கிழமைக்குள் வேண்டும்)

திருப்பூரிலிருந்து, வெள்ளி காலை

அனைவருக்கும் வணக்கம்.

பின்னலாடை ஏற்றுமதி செய்பவர்களுக்காக ஒரு சிறு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டு நீதிமன்றத்தில் வாங்கிய தீர்ப்பை இங்கே வைத்துப் பணம் வசூலிக்க முடியுமா என்பதுதான் விஷயம். மொத்தம் 24 பக்கம். 23 முடிந்தது. திங்கள் காலை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908, பிரிவு 44ஏ. அரசிதழில் அறிவிக்கப்பட்ட சில நாடுகளின் மேல்நிலை நீதிமன்றங்கள் பிறப்பித்த தீர்ப்பாணையாக இருந்தால் இங்கே புதிதாக வழக்குப் போட வேண்டியதில்லை. சான்றிட்ட நகலை நம் மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்து நேராக நிறைவேற்றக் கேட்கலாம். பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங் எல்லாம் பட்டியலில் உண்டு. 2020 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்தது. இந்த நாடுகளுக்குச் சட்டம் வைத்த பெயர்தான் தலைப்பில் இருப்பது.

'பரஸ்பர நாடு' என்று எழுதி, தெரிந்த பனியன் கம்பெனிக்காரர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். "பரஸ்பர நிதி மாதிரிங்களா?" என்றார். அடுத்த பத்தியில் 'தீர்ப்பை அமலாக்கம் செய்தல்' என்று இருந்தது. அதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "இதுக்கு அமலாக்கத்துறையெல்லாம் வருமா?"

உதவுங்கள்.

சிதம்பரத்திலிருந்து, வெள்ளி மதியம்

தம்பி, வடசொல்லை வைத்துவிட்டு விளங்கவில்லை என்றால் எப்படி? 'ஒப்புரவு' இருக்கிறது. குறளில் 22ஆம் அதிகாரமே அதுதான். ஊரோடு ஒத்து நடப்பது, ஒருவர்க்கொருவர் உதவுவது. 'ஒப்புரவு நாடு' என்று போடுங்கள், தீர்ந்தது.

ஒரு குறிப்பு. இதை ஒப்பு+உறவு என்று பிரித்துப் பொருள் சொல்லும் வழக்கம் இணையத்தில் பெருகிவிட்டது. வல்லின றகரம் இடையின ரகரமாக ஏன் மாறியது என்று ஒருவரும் கேட்பதில்லை. 'உரவோர்' என்பதில் உள்ள, வலிமை என்ற பொருள்படும் உரவுதான் இது என்பது என் கருத்து. ஒப்புக்கு வலிமை ஏன் வந்தது என்று கேட்பீர்கள். அதை நாளை விரிவாக எழுதுகிறேன்.

தூத்துக்குடியிலிருந்து, வெள்ளி மாலை

> 'ஒப்புரவு நாடு' என்று போடுங்கள், தீர்ந்தது.

ஐயா, எங்கள் ஊரில் தீராது. கோயிலுக்குப் போகிற எந்தக் கத்தோலிக்கரைக் கேட்டாலும் ஒப்புரவு என்றால் பாவசங்கீர்த்தனம் என்பார். ஒப்புரவு அருட்சாதனம் என்றுதான் இப்போது பெயர். 'துபாய் நமக்கு ஒப்புரவு நாடு' என்று எங்கள் துறைமுகத்துச் சரக்கு முகவர் படித்தால், யார் யாரிடம் போய் எந்தப் பாவத்தைச் சொல்ல வேண்டும் என்று கேட்பார்.

மதுரையிலிருந்து, வெள்ளி இரவு

நான் வக்கீல், தமிழறிஞன் இல்லை. ஆனால் பேராசிரியர் காட்டிய அதே அதிகாரத்தின் முதல் குறளை அவருக்கு நினைவுபடுத்தலாமா? 'கைம்மாறு வேண்டா கடப்பாடு' என்றுதான் தொடங்குகிறது. மழை எதையும் திருப்பிக் கேட்பதில்லை, ஒப்புரவும் அப்படித்தான் என்கிறார் வள்ளுவர். 44ஏ அதற்கு நேர் எதிர். என் தீர்ப்பை நீ மதித்தால் உன் தீர்ப்பை நான் மதிப்பேன் என்கிற கணக்கு அது. ஒப்புரவு என்று பெயர் வைத்தால் திருவள்ளுவரே தடையுத்தரவு வாங்க வந்துவிடுவார்.

நாங்கள் கோர்ட்டில் பேசுவது 'டிக்ரி' (தீர்ப்பாணை), 'இ.பி.' (அதை நிறைவேற்றக் கேட்கும் மனு), 'ஜப்தி'. 'நிறைவேற்று மனு' என்று சொல்லும் கட்சிக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை. அமீனா வந்து லாரியை ஜப்தி செய்தார் என்றால் எல்லோருக்கும் புரிகிறது.

சொல் எதுவானாலும் சரி, பட்டியலில் உள்ள நாடு என்றாலே பணம் வந்துவிடும் என்று வாசகர் நினைத்துவிடக் கூடாது. பிரிவு 13இன் ஆறு விலக்குகள் அங்கேயும் துரத்தி வரும். அதிகாரவரம்பு இல்லாத நீதிமன்றம், மோசடி, இயற்கை நீதி மீறல் இப்படி. அதில் அடிக்கடி வருவது, வழக்கின் தகுதியைப் பார்க்காமல் தந்த தீர்ப்பு. லண்டனில் வழக்குப் போட்டு, இங்கே இருப்பவர் ஆஜராகவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சாட்சியம் எதையும் பார்க்காமல் கொடுத்த டிக்ரி இங்கே நிற்காது. 2001இல் உச்ச நீதிமன்றம் ஒரு கம்பளி வணிக வழக்கில் சொன்னது இது. பின்னலாடைக்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பக்கம். நடுவர் தீர்ப்பும் (ஆர்பிட்ரேஷன்) 44ஏ-க்குள் வராது. அதற்கு 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கை தனியாக இருக்கிறது.

பேராவூரணியிலிருந்து, சனி காலை

எதற்கு இவ்வளவு? எங்கள் பக்கம் மொய்விருந்து என்று ஒன்று நடக்கிறது. நீ 500 வைத்தாய், நோட்டில் எழுதியாயிற்று, உன் விருந்துக்கு நான் வந்து அதற்குக் குறையாமல் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அடுத்த முறை எனக்கு இலை கிடையாது. வக்கீல் சார் சொல்லும் கணக்கு அச்சு அசலாக இதுதானே? அரசிதழ்தான் மொய் நோட்டு. 'மொய் நாடு' என்று போடுங்கள். படிக்காதவருக்கும் புரியும்.

(பாதி விளையாட்டு, பாதி நிஜம்.)

கொழும்பிலிருந்து, சனி காலை

எங்களுக்கு இந்த அமலாக்கத்துறைப் பயம் இல்லை. நாங்கள் எழுதுவது 'அமுலாக்கல்', 'வலுவுறுத்தல்'. வலுவுறுத்தல் என்றால் தீர்ப்பு ஏற்கெனவே உண்டு, அதற்கு இங்கே வலு சேர்க்கிறோம் என்று பொருள் நேராக வருகிறது. கையேட்டுக்கு இது உதவும் என்று நினைக்கிறேன்.

மொய் எங்களுக்கு விளங்காது. மன்னிக்கவும்.

சிதம்பரத்திலிருந்து, சனி மதியம்

மதுரை நண்பர் குறளை வைத்தே என்னை மடக்கிவிட்டார். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் முழுதாக அல்ல. சட்டக்காரர்கள் 'காமிட்டி' என்று வேறொரு சொல் வைத்திருக்கிறார்கள், லத்தீன் 'காமிட்டாஸ்', இணக்கம் என்று பொருள். 1895இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு பிரெஞ்சுத் தீர்ப்பை நியூயார்க் வணிகர்கள் மேல் செலுத்த முடியுமா என்ற ஹில்டன் வழக்கில், அது கட்டாயக் கடமையும் அல்ல, வெறும் மரியாதையும் அல்ல என்று விளக்கியது. கட்டாயமும் இல்லாமல் வெறும் உபசாரமும் இல்லாமல் நடுவில் நிற்பதுதானே ஒப்புரவு? ஆக ஒப்புரவு காமிட்டிக்குப் போகட்டும். அதே வழக்கில் அந்த நீதிமன்றம், பிரான்ஸ் நம் தீர்ப்பை ஏற்காது, ஆகவே நாமும் அதை முடிந்த முடிவாக ஏற்க மாட்டோம் என்று கையை விரித்தது. அதற்குத்தான் 'கைம்மாறு'. 'கைம்மாற்று நாடு' என்று முன்மொழிகிறேன்.

இதில் 'கை' என்பது உறுப்பு அல்ல என்பது என் கருத்து. கைக்கிளையில் (ஒருதலைக் காதல்) வரும் கையோடு இதை ஒப்பிட்டால்

மதுரையிலிருந்து, சனி மதியம்

பேராசிரியர் மடல் பாதியில் அனுப்பப்பட்டுவிட்டது போல. பரவாயில்லை, கைக்கிளையை நான் முடிக்கிறேன். அமெரிக்காவின் பல மாநிலங்கள் இன்று கைம்மாறு கேட்காமலே அயல் தீர்ப்பை ஏற்கின்றன. நாமோ அமெரிக்காவைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அந்தத் தீர்ப்பை அடிப்படையாக வைத்து மூன்று ஆண்டுக்குள் இங்கே புது வழக்குப் போட வேண்டும். கைக்கிளைதான்.

ஆனால் 'கைம்மாற்று நாடு' வேண்டாம் ஐயா. சனிக்கிழமை சம்பளம் போட 'கைமாத்து' வாங்கும் ஊர் திருப்பூர். துபாய் வட்டியில்லாமல் கடன் தரும் என்று கிளம்பிவிடுவார்கள்.

இன்னொன்று, ஹாங்காங் நாடு இல்லை. அரசமைப்புச் சட்டத் தமிழில் 'ஆட்சிநிலவரை' என்று இருக்கிறது. (இதை யாரும் ஆதரிக்க வேண்டாம். பதிவுக்காகச் சொன்னேன்.)

திருப்பூரிலிருந்து, சனி இரவு

எல்லோர்க்கும் நன்றி. எதிர் எதிராக ஏற்பது என்ற பொருளில் 'எதிரேற்பு நாடு' என்று ஒன்றைக் கட்டிப் பார்த்தேன். அழகாக இருப்பதாக எனக்கே பட்டது. அச்சுக்கோப்பவருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்தி அனுப்பியிருக்கிறார்: 'எதிர்ப்பு நாடு'. சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் மூன்றும் நமக்கு எதிர்ப்பு நாடுகள்.

ஆகவே நாளை மாலைக்குள் ஒரு வரியில் வாக்குச் சொல்லுங்கள்: 'பரஸ்பர ஏற்பு நாடு' அல்லது 'கைம்மாற்று நாடு'. அமலாக்கத்துக்குக் கொழும்பு நண்பரின் 'வலுவுறுத்தல்' போட்டு, முதல் இடத்தில் மட்டும் 'அதாவது டிக்ரியை வைத்துப் பணம் வசூலிப்பது' என்று சேர்த்துவிட்டேன்.

ஞாயிறு

தூத்துக்குடி: பரஸ்பர ஏற்பு.

கொழும்பு: பரஸ்பர ஏற்பு. நாங்களும் பரஸ்பரம் என்றுதான் சொல்வோம்.

மதுரை: பரஸ்பர ஏற்பு. நாளை ஒரு இ.பி. இருக்கிறது, இனி என்னைக் கேட்க வேண்டாம்.

பேராவூரணி: மொய். யாரும் சேராவிட்டால் பரஸ்பர ஏற்பு.

சிதம்பரம்: கைம்மாற்று. பனியன் கம்பெனிக்காரருக்கு விளங்காது என்று சொற்களை விட்டுக்கொண்டே போனால் கடைசியில் அவருக்குச் சொல்வதற்கு நம்மிடம் சொல்லே இருக்காது. என் மாற்றுக் கருத்தை 24ஆம் பக்கத்தில் அடிக்குறிப்பாகவாவது சேர்க்கவும். 'கை' பற்றிய முழுக் குறிப்பை இணைத்துள்ளேன், 11 பக்கம்.

திருப்பூரிலிருந்து, திங்கள் காலை

போய்விட்டது, ஐயா. பரஸ்பர ஏற்பு நாடு. 24ஆம் பக்கத்தில் அச்சகத்துக்காரர் தன் விளம்பரத்தைப் போட்டுக்கொண்டார், அடிக்குறிப்புக்கு இடமில்லை. உங்கள் 11 பக்கத்தையும் படித்தேன், நான்காம் பக்கத்தில் 'கைம்மை' வருகிறதே, அதையும் இதனோடு சேர்க்கிறீர்களா?