மிசிசிப்பியா, ஜெர்மனியா: யார் பணக்காரர், யார் நன்றாக வாழ்கிறார்?

டெக்சாஸ்வாசி
அமெரிக்காவில் பணம் மட்டும்தான், வாழ்க்கை என்றால் ஐரோப்பாதான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எண்களைப் பார்த்துவிட்டுப் பேசலாம். 2023 கணக்குப்படி அமெரிக்காவின் தனிநபர் ஜிடிபி, அதாவது நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியை மக்கள்தொகையால் வகுத்தது, சுமார் 82,000 டாலர், ஜெர்மனியில் சுமார் 54,000, பிரான்சில் 45,000 பக்கம். அமெரிக்காவிலேயே ஏழை மாநிலம் என்று பெயர் வாங்கிய மிசிசிப்பி ஏறக்குறைய ஜெர்மனிக்குச் சமமாக நிற்கிறது, பிரான்சைத் தாண்டிவிட்டது. இது அமெரிக்கப் பெருமை பேசுகிறவர்கள் கட்டிவிட்ட கதை இல்லை. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் மரியோ டிராகி ஐரோப்பிய ஒன்றியத்துக்கே எழுதிக் கொடுத்த அறிக்கையைப் படியுங்கள். கடந்த 50 ஆண்டுகளில் புதிதாகத் தொடங்கி 10,000 கோடி யூரோ மதிப்பைத் தாண்டிய நிறுவனம் ஒன்றியத்தில் ஒன்றுகூட இல்லை என்கிறார். மின்சாரம் அமெரிக்க விலையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. இதற்கு மேல் சம்பளத்தில் பெரும் பங்கு வரிக்கும் காப்பீட்டுக்கும் போனால் குடும்பம் எப்படி முன்னேறும்?

ரைன்கரை
அண்ணா, டாலரில் மாற்றிப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். 2008 கோடையில் ஒரு யூரோ 1.60 டாலர் வரை போனது, 2022இல் ஒரு டாலருக்கும் கீழே இறங்கியது, அதற்காக ஜெர்மானியரின் சாப்பாட்டுத் தட்டு பாதியாகிவிடவில்லை. உள்ளூர் விலைவாசியைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் இடைவெளி நன்றாகவே சுருங்கும். மிச்சம் இருப்பதில் பெரும்பகுதி நேரம். அமெரிக்கர் ஆண்டுக்குச் சராசரியாக 1,800 மணி நேரம் உழைக்கிறார், ஜெர்மானியர் சுமார் 1,340. வாரம் ஐந்து நாள் வேலைக்கு இங்கே ஜெர்மனியில் சட்டப்படி குறைந்தது 20 நாள் சம்பளத்தோடு விடுப்பு, நடைமுறையில் பலருக்கு 28, 30 கிடைக்கிறது. அமெரிக்க மத்தியச் சட்டத்தில் ஒரு நாள்கூட இல்லை.

அப்புறம் மிசிசிப்பி. 2020இல் அங்கே சராசரி ஆயுள் 72க்குள், ஜெர்மனியில் 81. ஒன்பது ஆண்டு. எந்த ஜிடிபியை வைத்து அந்த ஒன்பது ஆண்டை ஈடுகட்டுவீர்கள்?

டெக்சாஸ்வாசி
1,340 என்றதும் எல்லோரும் ஏரிக்கரையில் ஓய்வெடுக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் வேலைக்குப் போகும் பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பகுதிநேர வேலையில் இருக்கிறார்கள். எல்லோரும் விரும்பிப் போனதில்லை. குழந்தையைக் கிட்டா எனும் பகல்நேரக் காப்பகத்தில் சேர்க்க இடம் கிடைக்காது, கணவன் மனைவி வருமானத்தைச் சேர்த்து வரி போடும் முறையில் கணவர் 3ஆம் வரி வகுப்பும் மனைவி 5ஆம் வரி வகுப்பும் எடுத்தால் மனைவியின் மாதச் சம்பளத்தில் பிடித்தம் அவ்வளவு கடுமையாக இருக்கும், இதற்காகவா முழுநேரம் ஓட வேண்டும் என்று அந்தப் பெண் பாதி வேலையோடு நின்றுவிடுவாள். இதை வாழ்க்கைத் தரம் என்று எழுதாதீர்கள்.

ஆயுள் விஷயத்தில் காரணத்தையும் பாருங்கள். துப்பாக்கி, கார் விபத்து, ஃபென்டானில் என்ற போதைமருந்து, உடல் பருமன், இவைதான் சராசரியைக் கீழே இழுக்கின்றன. அதே அமெரிக்காவில் ஆசிய வம்சாவளியினரின் சராசரி ஆயுள் 2022இல் 84க்கும் மேல்.

ஓஹையோ செவிலி
தம்பி, நான் இங்கே ஒரு எமர்ஜென்சி வார்டில் வேலை பார்க்கிறேன், ஆகவே சராசரியை விட்டுவிட்டு ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன். நெஞ்சுவலி என்று வருகிறவர் வலி எங்கே இருக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள், வந்த ஆம்புலன்ஸ் என் இன்சூரன்ஸில் வருமா என்று கேட்பார். எதிர்பாராத பில்லைத் தடுக்கும் சட்டம் 2022 ஜனவரியில் வந்தது, அதில் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸைச் சேர்த்தார்கள், சாலையில் ஓடுகிற ஆம்புலன்ஸை விட்டுவிட்டார்கள். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

இன்சுலினையும் எடுத்துக்கொள்ளுங்கள். மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டில் இருக்கும் முதியவர்களுக்கு 2023லிருந்து மாதம் 35 டாலருக்கு மேல் கிடையாது, நல்ல காரியம். ஆனால் நாற்பது வயதில், சுமாரான காப்பீட்டோடு, ஒரு கடையில் நின்று வேலை செய்கிறவர் இன்சுலினைப் பாதி அளவாகப் போட்டு மாதக் கடைசிவரை நீட்டிப் பார்ப்பார், அப்புறம் சர்க்கரை 500ஐத் தாண்டி, மூச்சிரைத்து, வாயில் பழ வாடை அடிக்க எங்களிடம் வந்து சேர்வார். ஐசியூவில் அவருக்கு ஆகும் செலவில் பல மாத இன்சுலின் வாங்கிக் கொடுத்திருக்கலாம். நாட்டு வருமானத்தில் 17 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குச் செலவழிக்கும் நாடு இது, ஜெர்மனி 12 பக்கம்தான் செலவழிக்கிறது. நாட்டில் பணம் இல்லாததால் நடப்பது இல்லை இது.

டெக்சாஸ்வாசி
அக்கா, நீங்கள் பார்ப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கம்பெனிக் காப்பீடு இருப்பவர் மருத்துவத்துக்கு ஆண்டில் கைக்காசு கட்டுவதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு, 2024இல் தனி ஆளுக்கு 9,450 டாலர். என் துறையில் டல்லாஸ் சம்பளத்துக்கும் முனிச் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம் அதைவிடப் பல மடங்கு. மோசமான ஆண்டிலும் கையில் மிச்சம் நிற்கும்.

ரைன்கரை
வேலை இருக்கும்வரை. வேலை போனால் சம்பளத்தோடு கம்பெனிக் காப்பீடும் போகிறது, பழைய காப்பீட்டைத் தொடரலாம்தான், ஆனால் முழு பிரீமியத்தையும் நாமே கட்ட வேண்டும். எச்1பி வேலை விசாவில் இருப்பவருக்கு வேறு வேலை தேட 60 நாள் அவகாசம். இந்தியாவில் பிறந்தவருக்கு கிரீன் கார்டு வரிசை எப்படி என்று உங்களுக்கே தெரியும், எந்த நாட்டுக்கும் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற உச்சவரம்பில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும்வரை காத்திருக்கிறார்கள். இங்கே திறன்மிக்க ஊழியருக்கான புளூ கார்டு அனுமதியோடு வந்தவர் பி1 எனும் இடைநிலை அளவு ஜெர்மன் படித்தால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்று, சராசரிச் செல்வத்தைக் காட்டி எங்களை மிரட்டாதீர்கள். சுவிஸ் வங்கியான யூபிஎஸ்ஸின் 2024 அறிக்கையில் அமெரிக்க வயதுவந்தோரின் சராசரிச் சொத்து 5.6 லட்சம் டாலர், எல்லோரையும் வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரிடம் கேட்டால் சுமார் 1.1 லட்சம்தான். பெல்ஜியத்தில் அந்த நடு ஆளிடம் 2.5 லட்சம் இருக்கிறது.

டெக்சாஸ்வாசி
அதே அறிக்கையில் ஜெர்மனியின் நடு ஆளிடம் எவ்வளவு? 70,000 டாலர்கூட இல்லை. பெல்ஜியத்தின் பின்னால் ஏன் ஒளிந்துகொள்கிறீர்கள்?

ரைன்கரை
ஒளியவில்லை. ஜெர்மனியில் பாதிக்கு மேற்பட்டோர் வாடகை வீட்டில் இருக்கிறார்கள், அதனால் அந்த எண் சிறியது. வாடகைக்காரருக்கு இங்கே உள்ள சட்டப் பாதுகாப்பு எந்தச் சொத்துக் கணக்கிலும் ஏறாது, அரசு ஓய்வூதிய உரிமையும் ஏறாது.

டெக்சாஸ்வாசி
எங்கள் அரசு ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டியும் அதில் ஏறவில்லைதான். பாதுகாப்பு என்கிறீர்களே, முனிச்சில் ஒரு வீடு கிடைக்க என் தங்கை குடும்பம் சம்பளச் சீட்டு, கடன் ஒழுங்காகக் கட்டுகிறோம் என்று காட்டும் ஷூஃபா சான்று, பழைய வீட்டுக்காரர் கடிதம், குடும்பப் படம் எல்லாம் கோப்பாகக் கட்டிக்கொண்டு மாடிப்படியில் வரிசையில் நின்றது. உள்ளே இருப்பவருக்குத்தான் அந்தப் பாதுகாப்பு.

கற்றலான் தெரு
இருவரும் ஐரோப்பா என்று சொல்லிவிட்டு ஜெர்மனியையே சுற்றுகிறீர்கள். நான் பார்சிலோனாவில் இருக்கிறேன். ஸ்பெயினில் ஆயுள் 83க்கு மேல், அந்த வகையில் உலகத்தின் முன்வரிசை. ஆனால் வேலைச் சந்தையில் உள்ள இளைஞர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை, பெற்றோர் வீட்டை விட்டு வெளியேறும் சராசரி வயது 30. என் கூட வேலை பார்க்கும் பையன் முதுகலை படித்தவன், அறை வாடகை கொடுத்தால் சேமிப்பே இல்லை என்று அம்மா வீட்டிலேயே இருக்கிறான், கல்யாணப் பேச்சையும் தள்ளிப்போட்டுவிட்டான். அவனிடம் நீண்ட ஆயுளைப் பற்றி என்ன பேசுவது?

ஓஹையோ செவிலி
அதுவும் உண்மைதான். தம்பி டெக்சாஸ், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் வார்டைத் துடைக்கும் பெண் கான்ட்ராக்டர் ஆள், பிரசவமாகி மூன்றாவது வாரம் வேலைக்குத் திரும்பிவிட்டாள், ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாளியை நகர்த்துகிறாள். 1993 சட்டம் தரும் 12 வார விடுப்பு சம்பளம் இல்லாதது, அதுவும் ஓராண்டு வேலை பார்த்திருந்தால்தான், குறைந்தது 50 பேர் உள்ள இடத்தில்தான். ஜெர்மனியில் பிரசவத்துக்குப் பின் எட்டு வாரம் அவளை வேலைக்கு வைக்கவே கூடாது. உங்கள் 82,000இல் அவளுக்கு என்ன பங்கு?

டெக்சாஸ்வாசி
அவளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுக்க வேண்டும், இவ்வளவு பணம் உள்ள நாட்டுக்கு அது கட்டாயம் முடியும், அதற்கு ஓட்டுப் போடவும் நான் தயார். ஆனால் அதற்காக ஜெர்மனியின் மொத்த வரி முறையையும் இங்கே கொண்டு வரச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். கலிஃபோர்னியா 2004லிருந்து ஊழியர் சம்பளத்தில் சிறு பிடித்தம் செய்து குடும்ப விடுப்புக்குப் பணம் கொடுக்கிறது, அங்கே எந்தத் தொழிலும் அதனால் முடங்கிவிடவில்லை. டெக்சாஸிலும் ஓஹையோவிலும் அதைச் செய்யட்டும்.