தலைப்புக்கு ஒடுக்கமான தடித்த செரிஃப் எழுத்து: தமிழில் எது எடுபடும்?

கேள்வி (காவேரிப்பட்டணம்):
எங்கள் ஊர் எருது விடும் விழாவுக்கு ஃபிளெக்ஸ் வடிவமைப்பது நான்தான். 10 அடி அகலம், 4 அடி உயரம். 'மாபெரும் எருது விடும் விழா' என்று ஒரே வரியில், பைக்கில் போகிறவருக்கும் சட்டென்று தெரிகிற மாதிரி வேண்டும். ஆங்கிலப் பத்திரிகைத் தலைப்புகளில் உயரமாக, நெருக்கமாக, தடிப்பாக ஒரு செரிஃப் எழுத்து (கோட்டு முனைகளில் சின்னக் கால் வைத்தது) வருமே, அந்தக் களை தமிழில் வருமா? போன வருஷம் சாதாரண எழுத்தையே ஃபோட்டோஷாப்பில் அகலம் 60 சதவீதமாக அமுக்கிவிட்டேன். பெரியவர் ஒருவர் "எழுத்து ஏன்பா இப்படி இளைச்சுப் போச்சு" என்று கேட்டார். இன்னும் மனசு ஆறவில்லை.

பதில் (தருமபுரி, டிடிபி வேலை):
அவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார் தம்பி. அகலத்தை மட்டும் அமுக்கினால் ப, ம, ட எல்லாவற்றிலும் நிற்கிற கோடு 60 சதவீதமாக மெலிந்துவிடும், படுத்த கோடு அதே தடிப்பில் இருக்கும். எ, ழ, கொம்பு இவற்றின் சுழியும் நசுங்கிவிடும். ஒடுக்கமாகவே வரைந்த எழுத்தில் வரைந்தவர் கோட்டின் தடிப்பைத் திரும்பச் சரிசெய்திருப்பார், வித்தியாசமே அதுதான். நீங்கள் சொல்கிற பத்திரிகை எழுத்தும் அப்படித்தான். நியூயார்க் டைம்ஸ் தலைப்புகளுக்காக 2003ல் எழுத்து வடிவமைப்பாளர் மேத்யூ கார்ட்டர் செல்ட்டன்ஹாம் என்ற எழுத்துக் குடும்பத்தையே திரும்ப வரைந்தார்.

பதில் (ஓசூர்):
நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துருவை எடுங்கள், இலவசம். அதில் தடிப்பு எண் 900 (மிகத் தடிப்பு) வரை ஏறும், அகலம் 62.5 சதவீதம் வரை இறங்கும். கணக்குப் பாருங்கள், அகலம் 62.5 என்றால் அதே 10 அடிக்குள் எழுத்தை ஏறக்குறைய 1.6 மடங்கு உயரமாக வைக்கலாம். பழைய கோரல் டிரா மென்பொருளில் யூனிகோடு தமிழ் போட்டால் கொம்பு இடம் மாறிவிடும், அதனால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அமைத்து, பாத்தாக (எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, பிடிஎஃப்பாக எடுத்துப் போங்கள்.

பதில் (பாலக்கோடு):
எழுத்து சரி, ஆனால் 900 வேண்டாம், 700 போதும். ஆங்கிலப் பெரிய எழுத்து மேலும் கீழும் தட்டையாக நிற்கும், அதை எவ்வளவு நெருக்கினாலும் தாங்கும். நம் எழுத்தில் 'ரு', 'து' கீழே இறங்குகிறது, 'வி' மேலே வளைகிறது, உள்ளே சுழி வேறு. ரொம்பத் தடித்தால் சுழி அடைத்துக்கொண்டு தூரத்திலிருந்து வெறும் கறுப்புத் திட்டாகத்தான் தெரியும். இன்னொன்று, 'மாபெரும்' என்பதை மேலே சின்னதாகப் போட்டுவிடுங்கள், 'எருது விடும் விழா' மட்டும் முழு அகலத்துக்கும் நிற்கட்டும். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஏ4 தாளில் எடுத்துச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று படியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. 700, 900 இரண்டையும் எடுத்து ஒட்டிப் பார்த்தேன். 900ல் 'ழா' சுழி மூடிக்கொண்டது, 700 தெளிவாக இருக்கிறது. 'மாபெரும்' மேலே போய்விட்டது. நாளைக்கு அச்சுக்குக் கொடுக்கிறேன்.