முஸ்லிம் சமூக வாழ்வைப் பற்றி முதுமாணி: எங்கே படிக்கலாம், எந்தத் தலைப்பில்?

சாய்ந்தமருதுப் பிள்ளை:
அஸ்ஸலாமு அலைக்கும். இலங்கையின் கிழக்கே ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் முடித்துவிட்டு இப்போது பாடசாலையில் படிப்பிக்கிறேன். இன்றைய முஸ்லிம்கள் உலகெங்கும் எப்படி வாழ்கிறார்கள் என்பது பற்றி முதுமாணி (மாஸ்டர்ஸ்) செய்ய ஆசை. "அப்ப மௌலவியா ஆகப் போறியா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். ஃபிக்ஹும் (மார்க்கச் சட்டம்) தஃப்ஸீரும் (குர்ஆன் விளக்கம்) என் நோக்கமில்லை. மனுசர் எப்படிப் பிழைக்கிறார்கள், கலியாணம் கட்டுகிறார்கள், வீடுவளவு பிரிக்கிறார்கள், அதுதான் எனக்கு வேணும். லண்டனா, மலேசியாவா? விண்ணப்பத்துக்கு "முஸ்லிம் பெண்களும் நவீனத்துவமும்" என்று தலைப்பு வைத்திருக்கிறேன். சரிவருமா?

காத்தான்குடியான், லண்டன்:
வ அலைக்குமுஸ்ஸலாம். ஆகா கான் பல்கலைக்கழகத்தின் முஸ்லிம் நாகரிக ஆய்வு நிறுவனம் 2002இலிருந்து லண்டனில் இருக்கிறது. மார்க்கக் கல்வி அல்ல, வரலாறும் சமூகமும்தான். பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள். படிப்பித்த காலமும் சேரும். முடித்ததும் ஊர் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேணும். செலவு யோசனை என்றால் மலேசிய சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகம்.

அக்கரைப்பற்றுக் காக்கா:
தங்கச்சி, எந்த ஊர் என்பது பிறகு. முதலில் தலைப்பை மாற்றுங்கள். நவீனத்துவத்தைப் பற்றிக் கெய்ரோவில் இருப்பவரும் எழுதுவார், ஜகார்த்தாவில் இருப்பவரும் எழுதுவார். உங்கள் வீட்டு உறுதி (பத்திரம்) யாருடைய பேரில் இருக்கிறது? உம்மாவின் பேரிலா? அங்கே தொடங்குங்கள்.

நம் பக்கம் மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு அவள் பேருக்குப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். உம்மாவும் வாப்பாவும் அதே வளவில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு அடுத்த மகளுக்குச் சேர்க்கத் தொடங்குவார்கள். வாப்பா மௌத்தாகி ஷரீஆப்படி பங்கு பிரிக்க வரும்போது வீடு எப்போதோ கைமாறியிருக்கும்.

சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். கரையோரத்தில் பெண்ணின் பேரில் இருந்த வளவு போயிற்று. உள்ளே கிடைத்த புது வீடுகள் பல, "குடும்பத் தலைவர்" என்று புருசனின் பேரில் எழுதப்பட்டன. படிவத்தில் இருந்த அந்த ஒரு சொல் தலைமுறை வழக்கத்தையே புரட்டிப் போட்டது. அப்படி வீடு கிடைத்துப் பிறகு புருசனைப் பிரிந்த பெண்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? தங்கள் மகள்மாருக்கு எதைக் கொடுத்தார்கள்? இதை யாராவது அவர்களோடு உட்கார்ந்து கேட்க வேணும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

ஒப்பிட இந்தோனேசியாவில் மேற்குச் சுமாத்ராவின் மினாங்கபாவ் மக்கள் இருக்கிறார்கள். அவர்களும் தாய்வழி முஸ்லிம்கள்தான். ஆனால் அங்கே முதுசம் (பரம்பரைச் சொத்து) குலத்துக்கே பொது; இங்கே ஒவ்வொரு மகளுக்கும் தனி உறுதி. அப்புறம் வாசிப்பு: மொரோக்கோவையும் இந்தோனேசியாவையும் அருகருகே வைத்து இஸ்லாத்தைப் பார்த்த மானிடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ், 1986இல் அவரோடு வாதிட்ட தலால் அசத். 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து குடி என்னும் தாய்வழிக் குல முறையை ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரேயின் நூல் 2008இல் வந்தது. அதைக் கட்டாயம் தேடிப் பிடியுங்கள்.

களுவாஞ்சிகுடி ஆசிரியர்:
குடியும் தாய்வழியும் தமிழர் எங்களுக்கும் உண்டு, தங்கச்சி. என் மனைவியின் வீடும் மாமியார் கொடுத்ததுதான். முஸ்லிம் வழக்கம் என்று மட்டும் எழுதினால் வெளிநாட்டில் வாசிப்பவர் அது மார்க்கத்திலிருந்து வந்தது என்றே எடுத்துக்கொள்வார். தமிழ்க் கிராமம் ஒன்றையும் சேருங்கள்.

சாய்ந்தமருதுப் பிள்ளை:
ஜஸாக்கல்லாஹ் காக்கா. சேர், நீங்கள் சொன்னதையும் சேர்க்கிறேன். கேள்வித்தாள் அடித்துக்கொண்டு வீடு வீடாகப் போகலாமா?

அக்கரைப்பற்றுக் காக்கா:
வேண்டாம். 2019 ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு யாராவது பேனையோடு வந்து நின்றாலே சனம் பயப்படுகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. தெரிந்த ஒரு பெண்ணோடு போய், என்ன படிக்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். பேர் எழுத வேண்டாம், உறுதியைப் படம் பிடிக்கவும் வேண்டாம். ஆராய்ச்சி முன்மொழிவை ஒரு பக்கத்தில் எழுதி இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.