தாத்தா வீடு குரூப்: நினைவு மலருக்கான பேச்சு

வாட்ஸ்அப் குழு: தாத்தா வீடு, கோவில்பட்டி
ஞாயிற்றுக்கிழமை

நான் (மாலை 6:05)
எல்லோருக்கும் வணக்கம். தாத்தாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு நான்கு பக்கத்தில் மலர் அச்சடிக்கிறோம் இல்லையா, முதல் பக்கம் எழுதிவிட்டேன். படித்துப் பார்த்துச் சொல்லுங்கள். பிரஸ்ஸில் நாளைக் காலை பத்து மணிக்குள் கேட்கிறார்கள்.

நான் (6:06)
"கரிசல் மண் தந்த ஹாக்கி வீரர். சென்னையில் பெரிய அணியில் ஆடும் வாய்ப்பையும், அதோடு வந்த நிரந்தர வேலையையும் குடும்பத்துக்காகத் தியாகம் செய்தவர். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதி மூன்று பிள்ளைகளையும் ஆளாக்கியவர்."

பெரிய மாமா (6:11)
நன்றாக இருக்கிறது பாப்பா. அப்பா போட்டோ எது வைக்கிறாய்? வேட்டி சட்டையோடு இருப்பதை வை. அதுதான் களையாக இருக்கும்.

சித்தி (6:12)
எனக்கு ஸ்டிக்கோடு நிற்கிற கறுப்பு வெள்ளை போட்டோதான் வேண்டும். அதில் அப்பா சிரிப்பார்.

அத்தை (6:12)
முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. சரியா? சண்டை வேண்டாம்.

அண்ணன், சென்னை (6:20)
தாத்தா எந்த இடத்தில் ஆடினார் என்று எழுதவில்லையே. அதை எழுதாவிட்டால் அவருக்கே பிடிக்காது. யாரைப் பார்த்தாலும் "நான் சென்டர் ஹாஃப்" என்றுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார்.

நான் (6:21)
சேர்த்துவிடலாம். தாத்தாவோடு ஒரே டீமில் ஆடிய லெஃப்ட் ஹாஃப் தாத்தா குழுவில்தான் இருக்கிறார். தாத்தா, நீங்கள் சொல்லுங்களேன். நீங்கள் எல்லாரும் எப்படி ஆடினீர்கள் என்று எங்களுக்குச் சரியாகத் தெரியாது.

லெஃப்ட் ஹாஃப் தாத்தா (6:34)
வணக்கம். மெதுவாகத்தான் டைப் அடிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து ஆட்டத்தில் முன்னால் ஐந்து ஃபார்வர்டு, நடுவில் மூன்று ஹாஃப், பின்னால் இரண்டு ஃபுல் பேக், ஒரு கோலி. மூன்று ஹாஃபில் நடுவில் நிற்பவர் அண்ணாச்சி. பந்து எங்கே போனாலும் அவரைத் தாண்டித்தான் போகணும். கோல் அடித்தவன் பேர்தான் நோட்டீசில் வரும். சென்டர் ஹாஃப் பேர் வராது. ஆனால் ஆட்டம் தெரிந்தவன் அவரைத்தான் பார்ப்பான்.

லெஃப்ட் ஹாஃப் தாத்தா (6:41)
எனக்கு அவர் செய்த உபகாரம் ஒன்று சொல்கிறேன். ஹாக்கி ஸ்டிக்கின் தட்டையான பக்கத்தால் மட்டும்தான் பந்தைத் தொடலாம். இடது கைக்காரனுக்கென்று தனி ஸ்டிக் கிடையாது. எதிராளியின் ரைட் அவுட், அதாவது வலது ஓரத்து ஃபார்வர்டு, கோட்டை ஒட்டிப் பந்தைத் தள்ளிக்கொண்டு வந்தால், லெஃப்ட் ஹாஃபான எனக்கு அது இடது கைப் பக்கம். ஸ்டிக்கைத் திருப்பித்தான் தடுக்கணும். பத்தில் ஆறு தடவை ஏமாந்துவிடுவேன். ஏமாந்தால் திரும்பியே பார்க்க மாட்டேன். பின்னால் அண்ணாச்சி வந்திருப்பார். எத்தனையோ வருஷம் அப்படி ஆடினோம், ஒரு நாள்கூட "ஏன் விட்டாய்" என்று கேட்டதில்லை.

அம்மா (6:44)
படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது மாமா. இன்னும் சொல்லுங்கள். அப்பா வீட்டில் இதையெல்லாம் பேசினதே இல்லை.

லெஃப்ட் ஹாஃப் தாத்தா (6:52)
அப்போது எங்கள் மைதானம் வெறும் சரளைத் தரை. பந்து எங்கே குதிக்கும் என்று தெரியாது. ஆட்டம் இருந்தால் விடியும் முன் அண்ணாச்சி வந்து கல் பொறுக்குவார், அப்புறம் சுண்ணாம்புத் தூள் கொண்டு கோடு போடுவார். ஸ்டிக் பிடி வழுக்கினால் பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டிச் சுற்றுவார். ஒரு சுற்று தளர்ந்தாலும் பிரித்து முதலிலிருந்து சுற்றுவார். இலுப்பையூரணி, பாண்டவர்மங்கலம் பையன்களெல்லாம் அவரிடம் சுற்றித் தரச்சொல்லி வரிசையில் நிற்பார்கள்.

அம்மா (6:55)
அதே மாதிரிதான் எங்களுக்குச் சடை போடுவார்! அம்மா உடம்பு முடியாமல் பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது எனக்கும் தங்கச்சிக்கும் அப்பாதான் இரட்டைச் சடை. சீப்பின் வால் முனையால் உச்சி எடுப்பார். கோணலாக இருந்தால் கலைத்துவிட்டு மறுபடியும். ரிப்பனைக் காதுக்குப் பின்னால் மடித்துக் கட்டினால் சாயங்காலம் வரை அவிழாது. டீச்சர் யார் போட்டுவிட்டது என்று கேட்டால் அப்பா என்று சொல்ல எனக்குப் பெருமையாக இருக்கும்.

சித்தி (6:56)
இறுக்கிப் போடுவார். புருவமே மேலே ஏறிவிடும்.

லெஃப்ட் ஹாஃப் தாத்தா (7:03)
மதினி ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில்தான் எங்களுக்கு ஃபைனல் வந்தது. அண்ணாச்சி வரவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, ஆபீஸ் போய், சாயங்காலம் பஸ் பிடித்துப் பாளையங்கோட்டை, ராத்திரி திரும்பி வருவார். நாங்கள் அவர் இல்லாமலே ஜெயித்துவிட்டோம். கப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினோம். "நல்லது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஒரு வாரம் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தான் இல்லாமல் டீம் ஜெயிக்கும் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. அந்த அளவுக்கு ஆட்டத்தின் மேல் ஆசை.

பெரிய மாமா (7:05)
இது மலரில் வேண்டாமே. அப்பாவைப் பற்றித் தப்பாக நினைப்பார்கள்.

அண்ணன், சென்னை (7:06)
எனக்கு இதுதான் தாத்தா மாதிரி இருக்கிறது மாமா.

அம்மா (7:15)
அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். குரல் பதிவு போட வரவில்லையாம், சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன்.

அம்மா (7:22)
ஆச்சி சொல்வது: "தம்பி சொன்னது நிசம். அதைப் போடு. ஆனால் பிள்ளை எழுதியதில் தியாகம் என்று இருக்கிறதே, அதை எடுத்துவிடு. அவர் சென்னைக்குப் போனார். டீமிலும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மாசம் இருந்தார். அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். என்ன என்று கேட்டேன். அங்கே ஃபுல் பேக்கில் நிற்கச் சொல்கிறார்கள், நான் சென்டர் ஹாஃப் என்றார். அவ்வளவுதான் விஷயம். எங்களுக்காக ஒன்றும் விட்டுவிட்டு வரவில்லை."

பெரிய மாமா (7:24)
என்னம்மா சொல்கிறீர்கள்! எங்களுக்காகத்தான் வேலையை விட்டார் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா (7:29)
ஆச்சி: "உங்க தாத்தா, அந்தப் பெரியவர், ஊரில் அப்படிச் சொல்லிவிட்டார். மகன் நிரந்தர வேலையை விட்டு வந்தான் என்று சொல்ல அவருக்குக் கூச்சம். இவர் மறுக்கவும் இல்லை. ஆனால் நீங்கள் மூணு பேரும் அப்பாவுக்குக் கடன் பட்டிருக்கிறோம் என்று தலை குனிந்து திரியவேண்டாம். அவர் எதையும் இழந்த மாதிரி ஒரு நாளும் இருந்ததில்லை. காலையில் மைதானம், பகலில் ஆபீஸ், சாயங்காலம் நீங்கள். எல்லாமே ஆசைப்பட்டு வைத்துக்கொண்டதுதான்."

சித்தி (7:31)
அம்மா 🙏

பெரிய மாமா (7:38)
நான் காலேஜில் சேரும்போது ஃபீஸ் கட்டிவிட்டு வந்த அப்பாவிடம் "உங்களுக்கு நான் எவ்வளவு பட்டிருக்கிறேன்" என்று அழுதேன். "போடா, போய்ச் சாப்பிடு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இப்போதுதான் புரிகிறது.

அண்ணன், சென்னை (7:45)
1975 கதையை யாராவது எழுதுங்கள். எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம்.

அம்மா (7:53)
ஆச்சி: "பெரியவன் வயிற்றில் ஒன்பது மாசம். மார்ச். மலேசியாவில் உலகக் கோப்பை. செமி ஃபைனலில் மலேசியாவிடம் தோற்கப்போகிறோம் என்று இவர் ரேடியோவை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டார். எதிர்வீட்டு ரேடியோவில் சத்தம் கேட்டு ஓடி வந்தார். அஸ்லாம் ஷேர் கான் கடைசி நேரத்தில் ஷார்ட் கார்னரில் சமன் செய்துவிட்டான். அப்புறம் ஜெயித்தோம். ஃபைனலுக்கு ரேடியோ பக்கத்திலேயே எனக்கும் பாய் விரித்துப் போட்டார். பாகிஸ்தானோடு 2-1. ஜெயித்ததும் என் வயிற்றில் கை வைத்துப் பிள்ளையிடம் சொன்னார்."

லெஃப்ட் ஹாஃப் தாத்தா (7:59)
அந்த ஃபைனல் கோல் அசோக்குமார் அடித்தது, தியான்சந்த் மகன். பந்து கம்பத்தின் உள்மூலையில் பட்டு வெளியே திரும்பி வந்துவிட்டது. பாகிஸ்தான்காரர்கள் கோல் இல்லை என்றார்கள், அம்பயர் கோல் என்றார். மறுநாள் டீக்கடை மேஜையில் அண்ணாச்சி தண்ணீரைத் தொட்டுக் கம்பம் வரைந்து எங்களுக்கு விளக்கினார். ரேடியோவில் கேட்டதை வைத்துத்தான். நேரில் பார்த்தவன்கூட அப்படிச் சொல்ல மாட்டான்.

அடுத்த வருஷம் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தளம் வந்துவிட்டது, இந்தியா ஏழாம் இடம். "இனி சரளையில் ஆடிய கால்களுக்கு வேலை இல்லை, நம் பிள்ளைகளுக்கும் அந்தத் தளம் வேண்டும்" என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணன், சென்னை (8:04)
கோவில்பட்டியில் செயற்கைப் புல் தளம் போட்டபோது தாத்தா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். தண்ணீர் தெளித்திருந்தார்கள், கால் நனைந்தது. "இதில் பந்து பொய் சொல்லாது" என்றார்.

சித்தி (8:07)
2022 மே மாதம் ஆசியக் கோப்பையில் கார்த்தி செல்வம் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டானே, அன்றைக்கு அப்பாவைப் பார்த்தீர்களா? அரியலூர்ப் பையன், ஆனால் நம் ஊரில் பயிற்சி எடுத்தவன். அந்த அணியில் நம் மாரீஸ்வரனும் இருந்தான். தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்க் கடலைமிட்டாய் கொடுத்தார்.

அண்ணன், சென்னை (8:15)
2023 ஆகஸ்டில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்துக்கு நான்தான் அழைத்துப் போனேன். ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபி ஃபைனல், மலேசியாவோடு. இடைவேளையில் 1-3 என்று பின்தங்கியிருந்தோம். கிளம்பலாமா தாத்தா, கூட்டத்தில் மாட்டிக்கொள்வோம் என்றேன். "நடுவில் இப்போதுதான் இடம் கிடைக்க ஆரம்பித்திருக்கிறது, உட்கார்" என்றார். மூன்றாவது கால் பகுதி முடிகிற நேரத்தில் ஒரே நிமிஷத்தில் இரண்டு கோல். கடைசியில் 4-3. எல்லாரும் கோல் போட்டவனைப் பார்த்துக் கத்துகிறார்கள், தாத்தா மட்டும் பந்து எங்கிருந்து கிளம்பியது என்று எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

அத்தை (8:18)
நான் மருமகளாக வந்தவள், ஹாக்கி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது, சனிக்கிழமை ஆபீஸில் சம்பளப் பட்டுவாடா முடித்துவிட்டு எவ்வளவு நேரமானாலும் மாமா வாசலில் நின்று "எல்லாரும் சாப்பிட்டாச்சா" என்று கேட்டுவிட்டுத்தான் காலைக் கழுவுவார். என் பிரசவத்துக்கு அம்மா வர முடியாதபோது பத்தியக் குழம்புக்கு மாமாதான் அம்மியில் அரைத்துக் கொடுத்தார். இதையும் எழுது.

நான் (8:40)
சரி, மாற்றி எழுதியிருக்கிறேன்:

"கோவில்பட்டியின் சென்டர் ஹாஃப். சென்னையில் வேறு இடத்தில் நிற்கச் சொன்னதால் வேலையை விட்டு ஊர் திரும்பியவர். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதினார், விடியும் முன் மைதானத்தில் கல் பொறுக்கினார், மகள்களுக்குச் சடை பின்னினார், மருமகளுக்குப் பத்தியம் அரைத்தார். தான் இல்லாமல் அணி ஜெயித்தால் ஒரு வாரம் பேச மாட்டார். பக்கத்தில் ஆடுபவன் பந்தை விட்டுவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டார்."

லெஃப்ட் ஹாஃப் தாத்தா (8:44)
இதுதான் அண்ணாச்சி.

பெரிய மாமா (8:46)
சரி பாப்பா, இதுவே இருக்கட்டும். முன்பக்கம் ஸ்டிக் போட்டோவே வை.

அம்மா (8:51)
ஆச்சி கேட்கிறாள்: நினைவு நாள் காலையில் பையன்களுக்கு ஆட்டம் எத்தனை மணிக்கு? மோர் கரைத்து அனுப்ப வேண்டும். வெயில் ஏறுவதற்குள் ஆரம்பிக்கச் சொல்கிறாள்.

லெஃப்ட் ஹாஃப் தாத்தா (8:53)
ஆறரைக்கு மதினி. பெண் பிள்ளைகள் டீமும் வருகிறது, மோர் கொஞ்சம் கூடவே இருக்கட்டும்.

சித்தி (8:54)
இரண்டு குடம் நான் கொண்டு வருகிறேன். டம்ளர் யார் பொறுப்பு?

அத்தை (8:55)
நான்.