சேலத்தில் மூளை ரத்தக்குழாய்க்கு டாப்ளர் எங்கே எடுக்கலாம்?

அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம். ஏற்காட்டில் இருக்கும் என் பெரியம்மாவுக்குப் போன மாதம் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, வலது கையைத்தான் இன்னும் தூக்க முடியவில்லை. மூளைக்குள் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். ரத்தத்தில் கிரியாட்டினின் அதிகம், அதாவது சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்பதால் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோவுக்கு டாக்டர் தயங்குகிறார். முதலில் டிரான்ஸ்கிரேனியல் டாப்ளர் எடுக்கச் சொன்னார்.

நெற்றிப்பொட்டில் கருவியை வைத்து, 2 மெகாஹெர்ட்ஸ் ஒலியலையை எலும்பு வழியாக அனுப்பி ரத்தம் ஓடும் வேகத்தை அளப்பார்கள். குழாய் சுருங்கிய இடத்தில் வேகம் கூடும். மூளையின் நடுத்தமனியில் சராசரி வேகம் நொடிக்கு 100 சென்டிமீட்டரைத் தாண்டினால், பாதிக்கு மேல் சுருக்கம் இருக்குமோ என்று சந்தேகப்படுவார்கள். கழுத்து டாப்ளர் வேறு, அதை எடுத்தாயிற்று. ஆனால் ஸ்கேன் சென்டர்களில் கேட்டால் திரும்பவும் அதையே சொல்கிறார்கள்.

இன்னொரு கவலை. வயதான பெண்கள் சிலருக்கு அந்த எலும்பைத் தாண்டி அலை போகாதாம். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து, ஒன்றும் தெரியவில்லை என்றால் பெரியம்மா பாவம்.

சேலத்திலேயே இதில் நல்ல அனுபவம் உள்ளவர்கள் எங்கே எடுக்கிறார்கள்? இல்லை, கோவைக்குத்தான் போகணுமா? வீட்டில் யாருக்காவது எடுத்திருந்தால், எவ்வளவு செலவானது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.